உடைக்கக் கூடாத பொருக்கு

"மாமா, நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

அக்கா மகள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாம்பு என்றுதான் நினைத்தேன். நடைபாதையை விட்டு நாலைந்து எட்டு தள்ளி, ஒரு புதரடியில் ரத்தச் சிவப்பாகப் பூத்திருந்த காட்டுப் பூவைப் படம் எடுக்கப் போயிருந்தேன். போகும்போதே காலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. காய்ந்த மண்தானே என்று அதைப் பொருட்படுத்தவில்லை.

"வச்ச காலடியிலேயே கால வச்சுத் திரும்பி வாங்க மாமா. புதுசா ஒரு அடிகூட வேண்டாம்."

அப்படியே வந்தேன். அவள் பாதை மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து நான் மிதித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பும் பழுப்புமாக, விரல்கடை உயரக் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்பது போலிருந்த தரை அது. அதில் என் ஷூவின் அச்சு ஐந்து இடத்தில் வெளிர்சிவப்பாகத் தெரிந்தது. விழுந்து தோலுரிந்த முழங்கால் அப்படித்தான் இருக்கும்.

"இது செத்த மண்ணு இல்ல மாமா, உயிருள்ளது. நீங்க மிதிச்ச இடம் பழையபடி ஆகுறதுக்குள்ள எனக்குக் கொள்ளுப்பேரன் பிறந்துடுவான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தென்கிழக்கு மூலை. கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் நீடில்ஸ் பகுதி. ஏப்ரல் மாதக் காலை. அவள் சால்ட் லேக் சிட்டியில் மண்ணியல் படிக்கிறாள். பார்க்கப் போன என்னை, "வீட்டுக்குள்ளயே எத்தனை நாள் இருப்பீங்க, பாலைவனம் காட்டுறேன் வாங்க" என்று அழைத்து வந்திருந்தாள்.

எனக்குப் பொருக்கு தெரியும். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கரிசல் வெடிக்கும், செவல் பொருக்குத் தட்டும். செவக்காட்டில் கம்பு விதைத்த இரண்டாம் நாள் ஒரு பெருமழை அடித்து, அடுத்த நாள் சுள்ளென்று வெயில் காய்ந்தால் மேல் மண் ஓடாக இறுகிப்போகும். உள்ளே முளைத்த விதை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சளாகி, மடங்கி, அங்கேயே சாகும். தாத்தா கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டி, அதன்மேல் கல்லை ஏற்றி, மாடு பூட்டிக் காடு முழுக்க இழுப்பார். பொருக்கு உடைந்தால் பயிர் பிழைக்கும். ஆகவே பொருக்கு என்பது உடைக்க வேண்டிய ஒன்று. அறுபது வருஷமாக எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

முந்தைய நாள் வரும் வழியில் அந்தப் பொருக்கைப் பார்த்துமிருந்தேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் ஊருக்கு நாலு மணி நேரம். பிரைஸ் என்ற ஊர் தாண்டியதும் மரங்கள் விலகி, சாம்பல் நிற மொட்டைக் குன்றுகள் தொடங்குகின்றன. மான்கோஸ் களிப்பாறை என்கிறார்கள். சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நடுவயிற்றில் கிடந்த கடலின் அடிச்சேறு அது. கிரீன் ரிவர் ஊருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினோம். முழங்கால் உயரம்கூட இல்லாத உப்புச்செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. மற்றபடி வெறும் தரை. குனிந்து விரலால் தட்டினேன். ஓடு. கிளப்பினால் சில்லுச்சில்லாக வந்தது. சில்லின் அடிப்பக்கம் மாவு போலிருந்தது. மேற்பக்கம் பூசி மெழுகியது போல.

மழைத்துளி வந்து விழுகிற வேகத்தில் மண்கட்டி சிதறுகிறது. சிதறிய நுண்துகள் மண்ணின் துவாரங்களில் போய் அடைத்துக்கொள்கிறது. காய்ந்ததும் அந்த அடைப்பே ஓடாகிறது. அடுத்த மழையின் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடி, பழைய கடலின் உப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு கொலராடோ ஆற்றில் சேர்க்கிறது. செவக்காட்டிலும் இங்கேயும் நடப்பது ஒன்றுதான்.

"நீங்க சொல்ற பொருக்கு இதுதான் மாமா. துளி அடிச்சு உண்டாகுறது. நாளைக்கு வேற ஒண்ணு காட்டுறேன்" என்று சொல்லியிருந்தாள். அதை அவள் காட்டுவதற்கு முன்பே நான் மிதித்துவிட்டேன்.

நான் மிதித்ததில் பெயர்ந்து பாதையில் விழுந்திருந்த ஒரு துண்டை, கட்டைவிரல் நகம் அளவு இருக்கும், அவள் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன லென்ஸ் ஒன்றையும் கொடுத்தாள். துண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கத்திலிருந்து மணல் துகள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. உதிரவில்லை, தொங்கின. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த நூல்களில், பூச்சரம் போல, ஒன்றன்கீழ் ஒன்றாக. மெல்ல ஊதினேன். ஆடின. அப்போதும் விழவில்லை.

அந்த நூலை நூற்றது நீலப்பச்சைப் பாசி. நெல் வயலில் தழைச்சத்துக்காக விடுகிறோமே, அதன் உறவுக்காரன். இங்கே பெரும்பாலும் இருப்பதற்கு மைக்ரோகோலியஸ் என்று பெயர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள். பல இழைகள் சேர்ந்து பசையுள்ள ஓர் உறைக்குள் குடியிருக்கின்றன. மழை பெய்து மண் நனைந்தால் இழைகள் உறையை விட்டு நகர்ந்து வெளிச்சத்தைத் தேடி மேலே வரும். காயத் தொடங்கினால் கீழே இறங்கிவிடும். நகர்ந்த இடத்திலெல்லாம் புது உறையைச் சுரந்துகொண்டே போகும். பழைய உறை பாசி விட்டுப்போன பிறகும் மணலைப் பிடித்தபடி மண்ணுக்குள் கிடக்கும். இப்படி வருஷத்துக்குச் சில நாள் மட்டும் விழித்து, மிச்ச நாளெல்லாம் உலர்ந்து கிடந்து, நூல்மேல் நூலாகப் பின்னியதுதான் நான் நொறுக்கிய தரை.

பாசி தரையைக் கட்டிய பிறகுதான் மற்றவை குடியேறும். லென்ஸைத் தரைக்கு அருகில் கொண்டுபோய் அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கறுப்பு ஜெல்லி போல ஒன்று. வெள்ளை விளிம்பு கட்டிய செங்கல் நிறச் செதில் ஒன்று. மஞ்சள் பொட்டு ஒன்று. எல்லாம் கல்பாசி இனம். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசி எப்படிப் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனமோ, அதே கூட்டுக் குடித்தனம் இங்கே மண்ணின்மேல். கறுப்பு ஜெல்லிக்கு வேலை அதிகம்: காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கி மண்ணுக்குக் கொடுக்கிறது. உரம் போட ஆளில்லாத இந்தச் சீமையில் செடிகளுக்குச் சோறு பெரும்பாலும் அதன் கையால்தான். இவற்றுக்கு நடுவே கரிந்த துணுக்குகள் போல மாஸ் கிடந்தது. நம் ஊர்க் கிணற்றுச் சுவரில் மழைக்காலத்தில் பச்சை வெல்வெட்டாகப் படருமே, அந்த வகை. தரை கோபுரம் கோபுரமாக நிற்பதற்குக் காரணம் குளிர்காலம். மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பனிக்கட்டியாகித் தரையைத் தூக்குகிறது. தூக்கியதை நூல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மழை கரைத்து இடைவெளியை ஆழமாக்குகிறது. குளிர் இல்லாத பாலைவனங்களில் இதே பொருக்கு தட்டையாகத்தான் கிடக்கும் என்றாள்.

உலகத் தரைப்பரப்பில் சுமார் 12 சதவீதத்தில் இத்தகைய உயிர்ப் பொருக்கு இருப்பதாக 2018-இல் ஒரு மதிப்பீடு வந்தது. எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாளும் அதற்கு என்னிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்திருக்கிறது: பொட்டல்.

தாத்தாவின் பேரன் என்பதால் ஒரு கேள்வி எழுந்தது. "அப்ப விதை எப்படி முளைக்கும்? முட்டி முட்டிச் சாகாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேடும் பள்ளமுமான தரையில் விதை போய் ஒதுங்க ஆயிரம் இடுக்கு. நனைந்தால் இந்தப் பொருக்கு இளகிவிடும், ஓடாக நிற்காது. அதோடு, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகளுக்கு வித்தை தெரியும். இங்கே ஒரு புல்லின் விதைக்கு நீளமான வால் இருக்கிறது. ஈரம் பட்டுக் காயும்போது அது முறுக்கிக்கொண்டு திருகாணி போல விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும். வித்தை தெரியாதது வெளியூர்க்காரனுக்குத்தான். சீட்கிராஸ் என்று ஒரு புல், ஐரோப்பா ஆசியாப் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்து அமெரிக்க மேற்குப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. சீக்கிரமே காய்ந்து, தீப்பிடித்து, புதர்களையும் சேர்த்து எரிக்கிற புல். முழுசாக இருக்கும் பொருக்கில் அதன் விதைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். உடைந்த இடம்தான் அதற்கு வாசல்.

அதன்பிறகு தரையைப் பார்த்துப் பார்த்தே நடந்தோம். பாறை, காட்டாற்று மணல், போட்ட பாதை, இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் கால் வைக்கவில்லை. சுற்றிலும் பிளாக்பிரஷ் என்ற இடுப்பளவுப் புதர். கருஞ்சாம்பல் கிளைகள், துணுக்கு இலைகள். நட்டுவைத்தது போல ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கும். இடையிடையே முறுக்கிய உடம்போடு ஜூனிப்பர் மரம். நான் முதலில் பார்த்தபோது புதர்கள்தான் காடு, இடையில் கிடப்பது காலி இடம் என்று கண் பிரித்துக்கொண்டது. இப்போது அந்தக் காலி இடம் முழுக்க ஆள் நிறைந்திருந்தது. ஆண்டு முழுக்கப் பெய்வதே 20, 25 சென்டிமீட்டர் மழைதான். அதற்குள் பிழைக்க வேண்டிய புதர்களைத் தாங்கிப் பிடித்திருப்பது இந்த நடு இடம்.

தரையைப் படிக்க அவள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். "செடியோட காலைப் பாருங்க மாமா. தரை மட்டத்துல நிக்குதா, பீடத்து மேல நிக்குதான்னு." பூங்காவுக்கு வெளியே, பழைய மேய்ச்சல் தடம் ஒன்றின் ஓரத்தில் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு புதரும் ஒரு சாண் உயர மண்மேட்டில் ஏறி நின்றது. பக்கவாட்டில் வேர் வெளியே தெரிந்தது. செடி மேலே ஏறவில்லை. சுற்றியிருந்த மண் இறங்கிப் போயிருந்தது. பொருக்கு உடைந்த நடு இடத்து மண்ணை நீரும் காற்றும் எடுத்துப்போக, வேர் பிடித்துவைத்த மண் மட்டும் பீடமாக மிஞ்சியிருக்கிறது. அந்தத் தரையில் ஒரு பீடத்தின் உச்சிக்கும் அடுத்த பீடத்தின் உச்சிக்கும் கற்பனையில் ஒரு கயிறு கட்டினால், கயிற்றுக்குக் கீழே உள்ள காற்று முழுவதும் ஒருகாலத்தில் மண்.

மண் எப்படிப் போயிற்று என்பது மாட்டுக்காரர்களின் கதையில் தொடங்குகிறது. ராக்கி மலைக்குக் கிழக்கே இருந்த சமவெளியில் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்தன. அந்தப் புல்லும் மண்ணும் குளம்புக்குப் பழகியவை. மலைக்கு மேற்கே இந்தப் பீடபூமியில் அப்படிப் பெரிய மந்தை இருந்ததில்லை. 1870-களிலும் 80-களிலும் மாடுகளும் ஆடுகளும் வந்து இறங்கின. யாரும் கணக்குக் கேட்காத பொதுநிலம். நான் முந்திக்கொள்ளாவிட்டால் அடுத்தவன் மேய்த்துவிடுவான் என்ற அவசரம். அந்த மேய்ச்சல்காரர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வறண்ட பூமியில் கால்நடையை நம்பிப் பிழைப்பது என்னவென்று பார்த்து வளர்ந்தவன் நான். தரைக்கு உயிர் இருப்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வழியில்லை. பார்த்தால் தெரியவும் தெரியாது. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்த பிறகுதான் பொதுநிலத்தில் எத்தனை மாடு என்ற கட்டுப்பாடே வந்தது.

மாடு குறைந்ததும் சக்கரம் வந்தது. 1952-இல் சார்லி ஸ்டீன் என்பவர் மோவாப்புக்குத் தெற்கே பெரிய யுரேனிய வளத்தைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம், ஊரே யுரேனிய வெறியில் ஆடியது. தாது தேடி எங்கு பார்த்தாலும் ஜீப் தடம் போட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் ஆசைப்பட்டு ஓட்டுகிற 160 கிலோமீட்டர் ஒயிட் ரிம் சாலை அந்தக் காலத்தில் வெட்டியதுதான். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் 1942-இல் தளபதி பேட்டனின் படை பயிற்சி எடுத்தபோது டாங்கிகள் போட்ட தடங்கள் இன்றும் தரையில் தெரிகின்றன. போர் முடிந்து, அந்த வீரர்களில் பெரும்பாலோர் காலமாகி, தடம் மட்டும் கிடக்கிறது.

இப்போது எங்களைப் போன்றவர்களின் முறை. மோவாப்பில் தங்கிய இரவில் தெருவெல்லாம் வாடகைக்கு விடும் பாலைவன வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவுக்கு மட்டும் 2021-இல் 18 லட்சம் பேர் வந்தார்கள். "பொருக்கை உடைக்காதீர்" என்று பூங்காவில் பலகை வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பலகையைப் படித்தேன், தாண்டி நடந்தேன், பூவைப் பார்த்ததும் மறந்தேன். பதினெட்டு லட்சம் பேரில் பத்தில் ஒருவர் ஐந்து அடி மறந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அன்று முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது. இங்கே வசந்தம்தான் காற்றுக்காலம். ஒரு பாறைமேட்டில் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்தோம். அதைப் பார்த்திருக்காவிட்டால் அவள் சொன்னதில் பாதியைத்தான் நம்பியிருப்பேன். எங்களுக்கு நேர் கீழே கறுத்த பொருக்கு பரந்து கிடந்தது. புதர்கள் தலைவிரித்து ஆடின, தரையில் ஒரு துகள் எழவில்லை. அதற்கு அப்பால், பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு மண்சாலை. அதன் நீளம் முழுவதும் செம்புழுதி சுவர்போல எழுந்து கிழக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒரே காற்று, ஒரே மண். உதிர்ந்த மணல் துகளைக் காற்று தூக்கிப் போடும். அது விழும் வேகத்தில் வேறு நாலைத் தட்டிவிடும். குதித்துக் குதித்துப் போகும் அந்த மணல், பக்கத்திலுள்ள நல்ல பொருக்கின்மேல் விழுந்து அதையும் அரிக்கும், அல்லது மூடிப் புதைத்துவிடும். வெளிச்சம் இல்லாமல் பாசி சாகும். நோய் பரவுவது போலத்தான்.

இதை அளந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜெயின் பெல்னாப். மோவாப்பில் இருந்துகொண்டு பல பத்தாண்டுகள் இந்தப் பொருக்கையே ஆராய்ந்த சூழலியலாளர். யாரும் குனிந்து பார்க்காத ஒன்றுக்காக ஒருவர் தன் வாழ்நாளைக் கொடுத்ததால்தான் இன்று பூங்காவில் அந்தப் பலகையாவது நிற்கிறது.

கிழக்கே போன அந்தப் புழுதி எங்கே இறங்குகிறது? அவள் கையை நீட்டினாள். தொலைவில் லா சால் மலைகள், உச்சியில் பனி. இருநோக்கியில் பார்த்தேன். வெள்ளை இல்லை, டீ சிந்திய வேட்டி நிறம். அதற்கும் அப்பால் கொலராடோ மாநிலத்தின் சான் வான் மலைகள். அங்குள்ள ஏரிகளின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேற்றமும் மேய்ச்சலும் பெருகிய பிறகு மலைமேல் விழும் புழுதி, அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரியைவிட 500 சதவீதம் கூடியிருந்தது. மேய்ச்சல் சட்டம் வந்த காலத்துக்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். புழுதி படிந்த பனி வெயிலைக் குடிக்கும், சீக்கிரம் உருகும். பனி விலகியதும் மலைச்சரிவில் செடி முந்திக்கொண்டு துளிர்த்து நீரை உறிஞ்சத் தொடங்கும்; வெற்றுத் தரையிலிருந்து ஆவியாவதும் கூடும். இந்தப் புழுதியால் மட்டும் கொலராடோ ஆற்றின் நீர்வரத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் குறைவதாகவும், வெள்ளம் உச்சத்துக்கு வருவது மூன்று வாரம் முந்திவிட்டதாகவும் தாமஸ் பெயின்டரும் கூட்டாளிகளும் 2010-இல் கணக்கிட்டார்கள். ஏழு மாநிலங்கள், மெக்சிகோ, சுமார் 4 கோடி மக்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஆறு அது. 1922-லிருந்து அதன் ஒவ்வொரு பங்குக்கும் ஒப்பந்தம், வழக்கு, சண்டை. காவிரிக்காரர்களான நமக்கு 5 சதவீதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு தண்ணீரின் இழப்பும் ஒரு மாட்டின் குளம்படியிலிருந்தும் ஒரு ஜீப் சக்கரத்திலிருந்தும் கிளம்பியிருக்கிறது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு செயற்கைக்கோள் படத்தில் அப்படியே தெரியும்: மேய்ச்சலில் பொருக்கு மிதிபட்ட சினாய்ப் பக்கம் வெளிறி, பொருக்கு மிஞ்சிய நெகேவ் பக்கம் கறுத்து. சீனாவில் ஷாபோதோ என்ற இடத்தில் 1950-களில் பாலைவனத்தின் நடுவே ரயில் பாதை போட்டபோது, மணல் தண்டவாளத்தை மூடாமலிருக்க வைக்கோலைக் கட்டம் கட்டமாக மண்ணில் செருகினார்கள். வைக்கோல் மக்கியது. அதற்குள் கட்டங்களுக்குள் பொருக்கு படர்ந்து மணலைப் பிடித்துக்கொண்டது.

இங்கேயும் பொருக்கை வளர்த்துப் பார்க்கிறார்கள். நீடில்ஸுக்குப் போகும் சாலையிலேயே டகவுட் ராஞ்ச் என்ற பழைய மாட்டுப்பண்ணை இருக்கிறது. 1997-இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு அதை வாங்கி, பின்னாளில் அங்கே ஓர் ஆராய்ச்சி மையமும் வைத்தது. மாடுகளும் இருக்கின்றன, வறண்ட நிலத்துக்கு ஏற்ற, உருவில் சிறிய கிரியோயோ இன மாடுகளை விட்டு, அவை நிலத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பார்க்கிறார்கள். மேய்ச்சலையும் மண்ணையும் எதிரெதிரே நிறுத்தாத அந்த முயற்சி எனக்குப் பிடித்திருந்தது. பொருக்கைப் பசுமைக்குடிலில் சணல் துணிமேல் வளர்க்கும் முறையும் இருக்கிறது. சாக்குத்துணியில் பாசியை விதைத்து, நீர் தெளித்தால், சில மாதங்களில் பச்சை பிடித்துவிடுமாம். காட்டில் கொண்டுபோய் வைத்தால்தான் சிக்கல். நிழலில் வளர்ந்தது வெயிலைத் தாங்காமல் பெரும்பாலும் கருகிப்போகிறது. வெயிலுக்குப் பழக்கி அனுப்பவேண்டியிருக்கிறது.

கூடாரத்துக்குத் திரும்பும் வழியில், பாதையோரம் கரிந்து கிடந்த மாஸ் ஒன்றைப் பார்த்தேன். கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. காலையில் மிதித்ததற்கு ஏதோ ஈடு செய்யலாம் என்ற எண்ணமோ என்னவோ, மூடியைத் திறந்தேன். நனைந்தால் நொடியில் இலை விரிக்கும் என்று அவளே சொல்லியிருந்தாள்.

"வேண்டாம் மாமா."

"ஒரு வாய்த் தண்ணிதானே?"

"அதான் வேண்டாம்ங்கிறேன்."

இந்த மாஸ் காய்ந்து கிடக்கும்போது உயிரை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. ஈரம் பட்டால் விழிக்கும். விழித்தவுடன் உடம்பைச் சரிசெய்யச் சேமிப்பிலிருந்து செலவு செய்யும். ஈரம் நெடுநேரம் நின்றால் வெயிலில் உணவு சமைத்துச் செலவை மீட்டுக்கொள்ளும். சிறு தூறல் பட்டு உடனே காய்ந்தால் செலவு மட்டும்தான், வரவு இல்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத காசில் வேலி என்ற இடத்துக்கு அருகே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோடையில் அடிக்கடி 1.2 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் தெளித்தார்கள், பருவநிலை மாறினால் வரக்கூடிய சிறு மழை போல. தரையில் நாலில் ஒரு பங்கு இருந்த மாஸ் ஓராண்டுக்குள் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மழை பெய்து செத்தது. 2012-இல் வந்த ஆய்வு அது. புட்டியை மூடினேன்.

இரவு கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவள் வர்ஜீனியா பார்க் பற்றிச் சொன்னாள். நீடில்ஸுக்குள்ளேயே, சுற்றிலும் பாறைச்சுவர் எழுந்து நிற்கும் ஒரு புல்வெளி. மாடு நுழைய வழியில்லாததால் மேய்ச்சலே பார்த்திராத இடம். பூங்காவும் பொதுமக்களை விடுவதில்லை. 1967-லிருந்து அங்கே ஆராய்ச்சியாளர்கள் மட்டும் போய்ப் பொருக்கை அளந்து வருகிறார்கள். மனிதக் கால் படாவிட்டால் தரை எப்படி இருக்கும் என்பதற்கு உரைகல் போல வைத்திருந்த இடம்.

அங்கே தழைச்சத்துப் பிடிக்கும் கல்பாசி 1996-இல் தரையில் 19 சதவீதம் இருந்தது. 2019-இல் 5 சதவீதம். யாரும் மிதிக்கவில்லை. கோடைச் சூடு ஏறியிருக்கிறது. அதுதான் காரணமாகத் தெரிகிறது என்று 2022-இல் எழுதினார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. காலையிலிருந்து என் ஐந்து காலடியை மட்டுமே குற்றமாக நினைத்துச் சுமந்துகொண்டிருந்தேன். சால்ட் லேக் சிட்டிக்கு நான் வந்த விமானமும், இங்கே வந்த காரும், ஊரில் என் வீட்டில் ஓடும் ஏசியும் அந்தப் பாறைச்சுவரைத் தாண்டி உள்ளே போயிருக்கின்றன.

நள்ளிரவுக்கு மேல் மழை. தூறல் இல்லை, நின்று பெய்த மழை. கூடாரத் துணியில் விடியும்வரை கொட்டிக்கொண்டிருந்தது. மேகமூட்டம் கலையாத குளிர்ந்த காலையில் அவள் என்னை எழுப்பி, "இப்பப் போய்ப் பாக்கலாம் மாமா, வாங்க" என்றாள்.

நேற்றைய பாதைக்கே போனோம். கறுத்துக் கரிந்து கிடந்த தரை எதுவும் அங்கே இல்லை. மாஸ் அத்தனையும் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்து இளம்பச்சையாக நின்றது. கறுப்பு ஜெல்லி உப்பிப் பளபளத்தது. கோபுரங்களின் சரிவெல்லாம் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. உறையை விட்டுப் பாசி மேலே வந்திருந்தது. புதருக்கும் புதருக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டிய மட்டும். ஆடி மாத நாற்றங்காலைக் கழுகுப் பார்வையில் பார்ப்பது போலிருந்தது. கோபுர இடுக்குகளில் தண்ணீர் தேங்கி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது, தெளிவாக, மண் கலங்காமல்.

பூப் பூத்திருந்த புதரைத் தேடவேண்டியிருக்கவில்லை. என் ஐந்து காலடியும் தூரத்திலிருந்தே தெரிந்தன. பச்சைக்கு நடுவே சிவப்பாக. பாதையில் மண்டியிட்டு, கைக்கு எட்டிய முதல் காலடியின்மேல் லென்ஸை நீட்டினேன். உள்ளே தேங்கிய நீர் செங்கலங்கலாக இருந்தது. ஓரத்தில் நீர் வற்றிய இடத்தில், துளி அடித்துச் சிதறிய நுண்மண் படிந்து, பூசி மெழுகியது போல ஒரு பளபளப்பு. விரலால் தொட வேண்டிய அவசியமில்லை. வெயில் வந்தால் மதியத்துக்குள் அது ஓடாகிவிடும். செவக்காட்டில் தாத்தா முள் இழுத்து உடைத்த அதே பொருக்கு.